உயிர்த்திணிவிலிருந்து எரிவாயு: டென்மார்க், ஜேர்மனி அனுபவங்கள் காட்டும் எல்லைகள்

2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்ததைத் தொடர்ந்து ஐரோப்பிய நாடுகளின் எரிவாயு வழங்கல் பெரும் நெருக்கடிக்குள்ளாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் ருஷ்யாவிலிருந்து ஏறத்தாழ 155 பில்லியன் கன மீற்றர் எரிவாயுவை இறக்குமதி செய்திருந்தது. இவ்வளவு பெரிய தொகையை எதனால் ஈடுசெய்வது என்ற வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளுள் ஒன்று, சாணம், பயிர்க்கழிவு, உணவுக்கழிவு, மரக்கழிவு முதலிய உயிர்த்திணிவிலிருந்து மெதேன் வாயுவைத் தயாரித்து, ஏற்கெனவே நிலத்தடியிலுள்ள குழாய்களின் வழியே அனுப்புவது என்பதாகும். 2030ஆம் ஆண்டளவில் ஆண்டுதோறும் 35 பில்லியன் கன மீற்றர் மெதேனை இவ்வழியில் பெறுவதென 2022இல் ஐரோப்பிய ஆணைக்குழு இலக்கு வகுத்தது. இவ்விலக்கு முற்றாக நிறைவேறினும், 2021ஆம் ஆண்டு ஒன்றிய நாடுகள் நுகர்ந்த எரிவாயுவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அது அமையும்.

இத்துறை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 'எவ்வாறு தயாரிப்பது' என்ற வினாவோடு நின்றுவிடுகின்றனர். அவ்வினாவுக்கு விஞ்ஞானம் ஏற்கெனவே பெருமளவு விடை கண்டுவிட்டது. 'எதிலிருந்து தயாரிப்பது, எவருடைய நிலத்தில், எவருடைய நலனுக்காக' என்ற வினாக்களே இன்று தீர்வை வேண்டி நிற்கின்றன என்பது நமது கருத்து. தொழில்நுட்பத்தைச் சுருக்கமாக விளக்கி, ஜேர்மனி, சுவீடன், டென்மார்க் ஆகிய நாடுகளின் அனுபவங்களைக் கொண்டு இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழாய் வலையமைப்பும் அதன் வரலாறும்

எரிவாயு என்றதும் சிலிண்டரையே நினைக்கும் நமது வாசகருக்கு ஒரு விளக்கம் இன்றியமையாதது. ஐரோப்பாவின் பல நாடுகளில் குடிநீரைப் போன்றே எரிவாயுவும் நிலத்தடிக் குழாய்களின் வழியே வீடுகளையும் ஆலைகளையும் மின்நிலையங்களையும் சென்றடைகின்றது. இம்முறையின் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டிலாகும். 1812இல் இலண்டனில் இதற்கெனப் பட்டயம் பெற்ற கம்பனி நிலக்கரியைக் காற்றின்றிச் சூடாக்கிப் பெற்ற வாயுவைத் தெருவிளக்குகளுக்கு வழங்கிற்று. 'நகர வாயு' எனப்பட்ட இதன் பெரும்பகுதி ஐதரசனாகும். அதனோடு மெதேனும் நச்சுத்தன்மை வாய்ந்த காபனோரொட்சைட்டும் கலந்திருந்தன.

1965இல் பிரித்தானியாவுக்குரிய வடகடற் பகுதியில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. இதன் பயனாக 1967 முதல் 1977 வரையான பத்தாண்டுகளில் அந்நாடு முழுவதும் நகர வாயுவிலிருந்து இயற்கை வாயுவுக்கு மாற்றப்பட்டது. ஏறத்தாழ 40 மில்லியன் அடுப்புகளும் கொதிகலன்களும் பிற சாதனங்களும் வீடு வீடாகச் சென்று திருத்தியமைக்கப்பட்டன. எரிவாயுத் துறை அரசுடைமையாக இருந்தமையாற்றான் இத்தகைய மாற்றத்தை நாடு முழுவதற்குமான ஒரே திட்டமாக நிறைவேற்ற முடிந்தது.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, குழாயினுள் ஓடும் வாயு எதிலிருந்து வந்தது என்பது குழாய்க்கு ஒரு பொருட்டன்று. தரமும் அமுக்கமும் பொருந்தினாற் போதுமானது. இரண்டாவது, பல தலைமுறைகளின் உழைப்பும் மூலதனமும் புதைந்துள்ள வலையமைப்பைக் கைவிட அதன் உடைமையாளர் எளிதில் இணங்கமாட்டார். குழாய் இருக்கின்றது, ஆகவே அதை எதனாலாவது நிரப்பவேண்டும் என்ற வாதம் இங்கிருந்தே பிறக்கின்றது.

தயாரிக்கும் இரு வழிகள்

முதலாவது வழி நொதித்தலாகும். காற்றுப்புகாத கலத்தினுள் சேதனப் பொருள் இடப்படுமிடத்து பற்றீரியா முதலான நுண்ணங்கிகள் நான்கு படிகளில் அதனைச் சிதைக்கின்றன. மாப்பொருள், புரதம், கொழுப்பு என்பன முதலில் நீர்ப்பகுப்படைந்து எளிய சேர்வைகளாகின்றன. அவை பின்னர் சேதன அமிலங்களாகின்றன. அவ்வமிலங்களிலிருந்து அசற்றிக்கமிலமும் ஐதரசனும் காபனீரொட்சைட்டும் உண்டாகின்றன. இறுதியில் மெதேனாக்கும் நுண்ணங்கிகள் இவற்றை மெதேனாக மாற்றுகின்றன. கலத்தின் வெப்பநிலை பொதுவாக 35 முதல் 40 பாகை வரையோ, 50 முதல் 55 பாகை வரையோ பேணப்படும். பெறப்படும் வாயுவில் 50 முதல் 70 சதவீதம் வரை மெதேனாகும்; எஞ்சியதிற் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு; ஐதரசன் சல்பைட்டும் சிறிதளவு காணப்படும்.

இவ்வாயுவை அந்நிலையிலேயே அடுப்பிலோ இயந்திரத்திலோ எரிக்கலாம். ஆயின் தேசிய வலையமைப்பினுள் செலுத்தவேண்டுமாயின் ஐதரசன் சல்பைட்டையும் காபனீரொட்சைட்டையும் நீக்கியாதல் வேண்டும். உயர் அமுக்கத்தில் நீரினாற் கழுவுதல், அமைன் கரைசலில் உறிஞ்சச் செய்தல், மென்சவ்வினூடாகப் பிரித்தல் ஆகிய முறைகள் இதற்குக் கையாளப்படுகின்றன. கலத்தில் எஞ்சும் திரவத்தில் நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்பன அழியாது தங்குகின்றன. அது மீண்டும் வயலுக்குச் செல்கின்றது. எருவை எரித்தால் இழக்கப்படும் நைதரசன், நொதிக்கச்செய்தால் மண்ணுக்குத் திரும்புகின்றது என்பது இவ்வழியின் பெருஞ்சிறப்பாகும்.

நுண்ணங்கிகளால் இலிக்னினைச் சிதைக்க இயலாது. ஆகவே மரத்துக்கு வேறு வழி தேவைப்படுகின்றது. 800 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையில், நீராவியினாற் குமிழியிட்டு அசையும் சூடான மணலினுள் மரத்துண்டுகள் இடப்படுகின்றன. அவை ஐதரசன், காபனோரொட்சைட்டு முதலியன கலந்த வாயுவாக மாறுகின்றன. அதிலுள்ள தாரையும் கந்தகச் சேர்வைகளையும் அகற்றியபின், நிக்கல் ஊக்கியின் முன்னிலையில் அவ்வாயுக்கள் தாக்கமுற்று மெதேனாகின்றன. பிரான்சிய இரசாயனவியலாளரான சபாத்தியே 1902இல் செண்டரென்சுடன் இணைந்து வெளியிட்ட தாக்கமே இதற்கு அடிப்படையாகும்.

இரண்டாவது வழியின் பெரும் பரிசோதனை சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் இடம்பெற்றது. மாநகருக்குச் சொந்தமான சக்திக் கம்பனி அமைத்த 20 மெகாவாற்று நிலையம் 2014 டிசம்பரில் வலையமைப்பினுள் வாயுவைச் செலுத்தத் தொடங்கிற்று. மரத்திலுள்ள சக்தியில் அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்கு மெதேனாகக் கிடைத்தது. நுட்பவியல் நோக்கில் இது வெற்றியே. ஆயினும் இயற்கை வாயுவின் விலையோடு போட்டியிட இயலாமையால் 2018இல் நிலையம் நிறுத்தப்பட்டது. இதனினும் பலமடங்கு பெரிதாகத் திட்டமிடப்பட்ட இரண்டாவது நிலையம் கட்டப்படவேயில்லை. எனவே இன்று வலையமைப்புகளிற் புகும் புதுப்பிக்கத்தக்க வாயு பெரும்பாலும் நொதித்தலின் விளைவேயாகும். அவ்வழியில் மிக விரைந்து முன்சென்ற ஜேர்மனியை முதலில் நோக்குவோம்.

ஜேர்மனி: நிலம் விதித்த எல்லை

2000ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்டமும், சக்திக்கெனப் பயிரிடுவோருக்கு மேலதிகக் கொடுப்பனவு வழங்கிய 2004ஆம் ஆண்டுத் திருத்தமும் ஜேர்மனியின் நாட்டுப்புறத்தை மாற்றியமைத்தன. 9,000க்கு மேற்பட்ட வாயு நிலையங்கள் தோன்றின. ஒரு தொன் திரவ எருவிலிருந்து ஏறத்தாழ 20 கன மீற்றர் வாயுவே கிடைக்கும். நொதிக்கவைத்துச் சேமித்த பசுஞ்சோளத்தின் ஒரு தொன்னோ ஏறத்தாழ 200 கன மீற்றர் தரவல்லது. கொடுப்பனவும் இருந்தமையால் விவசாயி எதனைத் தெரிந்திருப்பான் என்பதைக் கூறவேண்டியதில்லை. ஏறத்தாழ 9 இலட்சம் ஹெக்டேயர் நிலம் வாயுவுக்கான சோளப் பயிருக்கு உள்ளாயிற்று. நிலையங்கள் செறிந்த பகுதிகளிற் குத்தகை உயர்ந்தது. சொந்த நிலமற்ற பாற்பண்ணையாளர் நெருக்குண்டனர். நாடே சோளமயமாகிவிட்டது எனக் குறைகூற ஜேர்மன் மொழியில் ஒரு புதுச்சொல்லே வழக்கில் வந்தது. 2012இல் புதிய நிலையங்களிற் சோளத்தினதும் தானியத்தினதும் பங்கு நிறையளவில் 60 சதவீதத்தைத் தாண்டலாகாதென விதிக்கப்பட்டது. 2014இல் மேலதிகக் கொடுப்பனவுகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன.

இத்தனைக்கும் பின் தேசிய வலையமைப்பிற்குக் கிடைத்தது என்ன? 2006இல் முதன்முறையாகத் தூய மெதேன் அங்கு குழாயினுட் செலுத்தப்பட்டது. 2020ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 6 பில்லியன் கன மீற்றர் என்பது அரசின் இலக்கு. உண்மையில் எய்தப்பட்டதோ ஏறத்தாழ ஒரு பில்லியன் மட்டுமே. அது நாட்டின் எரிவாயு நுகர்வில் ஏறத்தாழ ஒரு சதவீதமாகும். பெரும்பாலான நிலையங்கள் வாயுவை அவ்விடத்திலேயே எரித்து மின்னாக்குகின்றன.

இலக்கு தவறியமைக்கு முயற்சிக் குறைவே காரணமெனச் சிலர் கருதக்கூடும். ஓர் எளிய கணிப்பு இதனைத் தெளிவாக்கும். ஒரு ஹெக்டேயர் சோளத்திலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 4,500 முதல் 5,000 கன மீற்றர் மெதேன் பெறலாம். கன மீற்றர் ஒன்றுக்கு 10 கிலோவாற்று மணி எனக் கொண்டால் இது 45,000 முதல் 50,000 கிலோவாற்று மணியாகும். ஆண்டுக்கு 20,000 கிலோவாற்று மணி தேவைப்படும் இரண்டு வீடுகளைச் சூடாக்க இது போதும். மூன்றாவது வீட்டுக்குப் போதாது. 2023இல் ஜேர்மனி நுகர்ந்த எரிவாயு ஏறத்தாழ 800 பில்லியன் கிலோவாற்று மணி. இதனைச் சோளத்தினால் ஈடுசெய்ய 16 மில்லியன் ஹெக்டேயருக்குக் குறையாத நிலம் வேண்டும். ஜேர்மனியின் உழுநிலம் முழுவதும் சேர்ந்தே 12 மில்லியன் ஹெக்டேயரை எட்டவில்லை. நாட்டின் உழுநிலம் அனைத்திலும் உணவுப்பயிரை நீக்கிச் சோளம் விதைத்தாலும் குழாய் நிரம்பாது என்பதே இதன் பொருள். மாறாக, அதே ஹெக்டேயரிற் சூரிய மின்கலங்களை நிறுத்தினால் பெறப்படும் சக்தி இதனிலும் பத்து மடங்குக்கு மேற்பட்டதாகும்.

டென்மார்க்: எருவும் கூட்டுறவும்

டென்மார்க்கின் வரலாறு வேறானது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியின்போது அந்நாடு ஏறத்தாழ முழுமையாக இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. அதன் பின்னரே 1979இல் தேசிய எரிவாயுத் திட்டத்துக்கான முடிவு எடுக்கப்பட்டது. 1984இல் வடகடலின் தீரா வயலிலிருந்து வாயு வந்தது. அதே காலத்தில் விவசாயிகள் பலர் ஒன்றிணைந்து தம் எருவைக் கொணர்ந்து ஒரே கலத்தில் இடும் கூட்டு நிலையங்களும் எழுந்தன. 1992இல் லெம்விக் நகரருகே இயங்கத் தொடங்கிய, விவசாயிகளுக்கே உரிமையான நிலையம் இதற்கு எடுத்துக்காட்டாகும். பாற்பண்ணைக் கூட்டுறவுகளின் நூற்றாண்டு கடந்த மரபு இதற்குத் துணைநின்றது.

2012ஆம் ஆண்டின் சக்தி உடன்பாடு, வலையமைப்பினுட் செலுத்தப்படும் வாயுவுக்கும் மானியம் வழங்கிற்று. அதன்பின் வளர்ச்சி விரைவுற்றது. 2023இல் டென்மார்க்கின் எரிவாயு நுகர்வில் நாற்பது சதவீத அளவு உயிர்த்திணிவிலிருந்து பெறப்பட்டது. ஐரோப்பாவில் வேறெந்த நாடும் இந்நிலையை எய்தவில்லை. ஜேர்மனியைப் போலன்றி இங்கு மூலப்பொருளிற் பெரும்பங்கு எருவாகும்; சக்திப் பயிருக்கு விதிக்கப்பட்ட எல்லை 2018இல் 12 சதவீதமாக்கப்பட்டு, பின்னர் மேலும் குறைக்கப்பட்டது.

இந்நாற்பது சதவீதத்தைச் சற்று ஆராய்ந்து நோக்கல் வேண்டும். சதவீதம் என்பது இரு எண்களின் விகிதமாகும். ஒரு நாடு பத்து அளவு வாயுவை நுகர்ந்து, அதில் இரண்டு அளவு எருவிலிருந்து பெறப்படின் பங்கு இருபது சதவீதம். நுகர்வு ஐந்து அளவாகக் குறையின் அதே இரண்டு அளவு நாற்பது சதவீதமாகிவிடும். டென்மார்க்கில் நிகழ்ந்தது இவ்விரண்டும் சேர்ந்ததாகும். உற்பத்தி பெருகியது, நுகர்வோ இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இருந்ததன் பாதிக்கும் கீழே இறங்கியது. காற்றாலை மின்சாரம் வாயு மின்நிலையங்களின் இடத்தைப் பிடித்தது. நகரங்களில் ஒரே மையத்திலிருந்து சுடுநீரை வீடுகளுக்கு அனுப்பும் முறை பரவியது. வெப்பப் பம்பிகள் கொதிகலன்களை அகற்றின. 2022இல் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி 2030இல் வலையமைப்பிலுள்ள வாயு முழுவதும் பசுமை வாயுவாதல் வேண்டும். 2035இன் பின் எந்த வீடும் எரிவாயுவினாற் சூடாக்கப்படலாகாது. இவ்விரு இலக்குகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. இரண்டாவது இன்றி முதலாவது கைகூடாது.

ஆகவே டென்மார்க்கின் பாடம் 'எருவினால் ஒரு தேசத்தின் குழாய்களை நிரப்பலாம்' என்பதன்று. எருவின் அளவுக்கேற்பக் குழாயின் தேவையைச் சுருக்கலாம் என்பதே அதன் பாடமாகும்.

கசிவு என்னும் கணக்கு

உயிர்த்திணிவு வாயுவை எரிக்கும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டு, பயிர் வளிமண்டலத்திலிருந்து அண்மையிற் பெற்றதேயாதலால் அது தீங்கற்றதென்பர். எரிந்த மெதேனுக்கே இக்கூற்றுப் பொருந்தும்; எரியாது கசிந்த மெதேனுக்குப் பொருந்தாது. நூறாண்டுக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கும் புவியை வெப்பமூட்டவல்லது.

ஒரு நிலையம் 100 கிலோகிராம் மெதேனை உற்பத்தி செய்கின்றது; அதில் 3 கிலோகிராம் கலத்தின் மூடியிலும் தூய்மையாக்கும் பொறியிலும் கசிகின்றது எனக் கொள்வோம். எஞ்சிய 97 கிலோகிராம், அதே அளவு இயற்கை வாயு எரிவதைத் தவிர்க்கின்றது. ஒரு கிலோகிராம் மெதேன் எரிந்து 2.75 கிலோகிராம் காபனீரொட்சைட்டைத் தருமாதலால் தவிர்க்கப்படும் அளவு ஏறத்தாழ 267 கிலோகிராமாகும். கசிந்த 3 கிலோகிராமோ நூறாண்டுக் கணக்கில் 84 கிலோகிராமுக்கும், இருபதாண்டுக் கணக்கில் 240 கிலோகிராமுக்கும் சமமானது. அடுத்த இருபது ஆண்டுகளைக் கருதுவோமாயின் நன்மையிற் பெரும்பகுதி கசிவிலேயே கரைந்துவிடுகின்றது.

இதற்கு மறுபுறமும் உண்டு. திறந்த தொட்டியிற் கிடக்கும் எரு தானாகவே மெதேனை வெளிவிடுகின்றது. அதனைக் கலத்துள் அடைப்பது அவ்வெளியீட்டைத் தடுக்கின்றது. இயற்கை வாயுவும் கிணற்றிலிருந்து அடுப்புவரை கசிந்துகொண்டே வருகின்றது. எனவே எருவிலிருந்து பெறும் வாயு, கசிவு கட்டுப்படுமாயின், தெளிவான நன்மையாகும். வாயுவுக்கென்றே விளைவித்த சோளத்துக்கோ இச்சாதகம் இல்லை. அது விளைவிக்கப்படாதிருந்தால் வெளிவரப்போகும் மெதேன் எதுவுமில்லை. வாயுவின் இரசாயனம் ஒன்றேயாயினும் மூலப்பொருளின் வேறுபாடு அதன் சமூகப் பெறுமதியை மாற்றிவிடுகின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கழிவு எவருடையது?

'கழிவு' என்பது இயற்கை தந்த பொருளன்று. ஒரு குறிப்பிட்ட உற்பத்தி முறையின் விளைவாகும். ஏறத்தாழ 6 மில்லியன் மக்கள் வாழும் டென்மார்க்கில் எவ்வேளையிலும் மக்கள் தொகையின் ஏறத்தாழ இருமடங்கு பன்றிகள் உள்ளன. அவற்றின் இறைச்சியிற் பெரும்பகுதி ஏற்றுமதிக்கானது. அவற்றின் தீவனத்தில் ஒரு பகுதி தென்னமெரிக்க நாடுகளில் விளைந்த சோயா. எனவே யுத்லாந்தின் கலத்தில் நொதிக்கும் எருவினுள் ஆர்ஜென்டீனாவினதும் பிரேசிலினதும் நிலமும் அடங்கியிருக்கின்றது. சோளத்தைத் தவிர்த்ததனால் நிலப்பிரச்சினை முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. அதன் ஒரு பகுதி கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு நகர்ந்துவிட்டது. கால்நடைகளின் வெளியீட்டுக்கு 2030 முதல் வரி விதிப்பதென 2024இல் அந்நாட்டுப் பாராளுமன்றப் பெரும்பான்மை இணங்கியுள்ளது. பண்ணை சுருங்கினால் எருவும் சுருங்கும். எருவை நம்பி எழுந்த நிலையங்களின் முதலீட்டாளரோ பண்ணை சுருங்குவதை விரும்பார்.

உடைமையின் வரலாறும் இதே திசையைக் காட்டுகின்றது. ஃபூன் தீவின் நகரசபைகளுக்குச் சொந்தமாயிருந்த எரிவாயு நிறுவனமே பின்னர் டென்மார்க்கின் மிகப்பெரிய உயிர்வாயு உற்பத்தியாளரான 'நேச்சர் எனர்ஜி' ஆக வளர்ந்தது. 2018இல் அது முதலீட்டு நிதியங்களுக்கு விற்கப்பட்டது. 2023இல் ஏறத்தாழ 2 பில்லியன் அமெரிக்க டொலருக்கு ஷெல் எண்ணெய்க் கம்பனி அதனை வாங்கியது. பொதுமக்களின் மானியத்தினால் வளர்ந்த ஒரு துறையின் முதன்மை நிறுவனம், பொதுமக்களின் கையிலிருந்து உலகின் பெரும் எண்ணெய்க் கம்பனிகளுள் ஒன்றின் கைக்கு ஐந்தாண்டுகளிற் சென்றுவிட்டது. இதனால் வாயு உற்பத்தி குன்றும் என்று நாம் கூறவரவில்லை; பெருகவும் கூடும். ஆயின் கூடுதலான வாயுவை விற்பதிலேயே இலாபம் காணும் நிறுவனம், வாயுவின் தேவையைக் குறைக்கும் கொள்கைக்குத் துணைநிற்கும் என எதிர்பார்ப்பது பேதைமையாகும். மேலே கண்டவாறு, டென்மார்க்கின் வெற்றிக்கு அக்குறைப்பே பாதி காரணமாகும்.

முடிவுரை

உயிர்த்திணிவிலிருந்து பெறும் வாயு போலியானதன்று. எருவையும் உணவுக்கழிவையும் நகர்க் கழிநீரையும் மூடிய கலத்தில் நொதிக்கவைத்து, மெதேனைப் பயன்படுத்தி, ஊட்டப்பொருளை மண்ணுக்குத் திருப்புவது பகுத்தறிவுக்கு உகந்த செயலே. ஆயின் அவ்வாயு அளவிற் சிறியது. அதனை எங்கு எரிப்பது என்ற தெரிவு ஆகவே முதன்மை பெறுகின்றது. வீட்டைச் சூடாக்க வேறு வழிகள் உள்ளன. சில ஆலைகளின் உயர்வெப்பத் தேவைக்கும், காற்றும் வெயிலும் குன்றிய நாட்களின் மின்தேவைக்கும் மாற்று வழிகள் அரிது. கிடைக்கும் சிறிதளவு வாயு அங்கேயே செல்லவேண்டும்.

இத்தெரிவைச் சந்தை தானாகச் செய்துவிடாது. கூடிய விலை தரவல்லவன் எவனோ அவனிடமே சந்தை வாயுவைக் கொண்டுசேர்க்கும். நிலத்தின் அளவையும் எருவின் அளவையும் முதலிற் கணித்து, அதற்கிணங்க வலையமைப்பை அமைப்பது திட்டமிடலின் பணியாகும். வலையமைப்பின் அளவை மாறாததெனக் கொண்டு அதனை நிரப்ப நிலத்தைத் தேடிச் சென்ற ஜேர்மனி, 9 இலட்சம் ஹெக்டேயர் சோளத்தையும் ஒரு சதவீத வாயுவையும் கண்டது. தேவையைச் சுருக்கிக்கொண்டே கழிவைத் திரட்டிய டென்மார்க் நாற்பது சதவீதத்தைக் கண்டது. தம் சக்திக் கொள்கையை இனி வகுக்கவிருக்கும் நாடுகள் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். அந்நோக்கில் முதலில் எழவேண்டிய வினா குழாய் எவ்வளவு கொள்ளும் என்பதன்று. மண் எவ்வளவு தரும், தந்ததில் எவ்வளவு மண்ணுக்குத் திரும்பும் என்பதேயாகும்.